சிங்கப்பூரில் ஓட்டிப் பழகி ஏற்காடு ஏற முடியுமா?

உங்கள் கேள்வியை ஒரு முறை திரும்பச் சொல்லிவிடுகிறேன். ஈசூனில் இருக்கிறீர்கள், ஒரு வருடமாக ரோடு சைக்கிள் ஓட்டுகிறீர்கள், பொங்கலுக்குச் சேலம் போகும்போது சைக்கிளையும் கொண்டுபோய் ஏற்காடு ஏற ஆசை. அதற்குப் பழக, சிங்கப்பூரில் மேடுபள்ளமும் கடலோரமும் உள்ள நல்ல வழிகள் எவை என்று கேட்டிருக்கிறீர்கள். வழிகளின் பெயர் யாரிடம் கேட்டாலும் கிடைக்கும். உங்களை உள்ளுக்குள் அரிப்பது வேறொரு சந்தேகம் என்று நினைக்கிறேன்: மலையே இல்லாத தீவில் பழகிய கால்கள் இருபது கொண்டை ஊசி வளைவுகளைத் தாங்குமா? அதற்குத்தான் பதில் எழுதுகிறேன். வழிகள் போகிற போக்கில் வந்துவிடும்.

நான் பதினெட்டு வருடமாக இங்கே ஓட்டுகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் புதிதாக வருகிறவர்களைக் கூட்டிப் போவதும் உண்டு. ஏற்காடு நான்கு முறை ஏறியிருக்கிறேன், மேட்டுப்பாளையம் வழியாக ஊட்டி இரண்டு முறை. பயிற்சியாளர் சான்றிதழ் எதுவும் என்னிடம் இல்லை. அதனால் கணக்கு சொல்வதை உறுதியாகச் சொல்கிறேன். என் கால் மட்டும் சொன்னதை அப்படியே குறிப்பிட்டுவிடுகிறேன், அதை நீங்கள் சோதித்துப் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மலையின் கணக்கு. அடிவாரத்திலிருந்து ஏற்காடு ஏரி வரை ஏறக்குறைய 20 கி.மீ., ஏற்றம் ஏறக்குறைய ஆயிரம் மீட்டர். சராசரியாக 5 சதவீதச் சரிவு. நீங்களும் சைக்கிளும் தண்ணீரும் சேர்ந்து 80 கிலோ என்று வையுங்கள். மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் ஏறினால் கால்கள் 125 முதல் 130 வாட் வரை கொடுக்க வேண்டியிருக்கும். காற்றில்லாத சமதளத்தில் இதே சக்தி உங்களை 27 கி.மீ. வேகத்தில் கொண்டுபோகும். ஒரு வருடம் ஓட்டியவருக்கு அது எட்டாத வேகம் இல்லை. ஆக, ஏற்காடு கேட்கும் பலம் உங்களிடம் அநேகமாக இப்போதே இருக்கிறது. ஆனால் அந்த மலை இரண்டு மணி நேரம் விடாமல் கேட்கும். சமதளத்தில் களைத்தால் நாலு மிதி சும்மா விட்டுவிட்டு உருண்டு போகலாம், சிக்னலில் நின்று மூச்சு வாங்கலாம். ஏற்றத்தில் மிதிப்பதை நிறுத்தினால் அடுத்த நொடி சைக்கிளும் நிற்கும். அந்த விடாப்பிடியைத்தான் இங்கே பழக வேண்டும். சிங்கப்பூரில் செங்குத்து கிடைக்கும், நீளம் கிடைக்காது. நீளத்தை நாமேதான் உண்டாக்கிக்கொள்ள வேண்டும்.

இந்தத் தீவில் இயற்கையான உயரமான இடம் புக்கிட் தீமா குன்று, 163 மீட்டர். அந்த உச்சிக்குப் போகும் பாதை நடப்பவர்களுக்கு மட்டும்தான், சைக்கிளுக்கு இடமில்லை. நமக்குக் கிடைப்பது தெற்குக் கரையை ஒட்டி ஓடும் குன்று வரிசை. கம்போங் பாரு பக்கமிருந்து மவுண்ட் ஃபேபர் ஏறுங்கள். உச்சி ஏறக்குறைய 100 மீட்டர், அடியிலிருந்து கணக்கிட்டால் ஒரு தடவைக்கு 70, 80 மீட்டர் ஏற்றம். அங்கிருந்து இறங்கி தெலுக் பிளாங்கா கிரீன் சாலையில் ஆல்காஃப் மாளிகை இருக்கும் குன்று. அப்புறம் மேற்கே போனால் சவுத் புவன விஸ்தா சாலையின் வளைவுகள், அதிலிருந்து பிரிந்து கென்ட் ரிட்ஜ் பூங்காவுக்கு ஏறும் விஜிலாண்டே டிரைவ். இந்தக் கடைசி ஏற்றம் குட்டையானது, ஆனால் இருக்கையிலிருந்து எழுந்து நின்று மிதிக்க வைக்கும். மூன்றையும் கோர்த்துப் போய்வந்து, திரும்பவும் கோர்த்தால் ஒரு காலைக்குப் போதுமான வேலை. ஃபேபர் சாலையில் நம் ஊர்த் தொடர்பு ஒன்றும் உண்டு: 1845-ல் அந்தக் குன்றின் மேல் கொடிக்கம்ப நிலையம் அமைக்கச் சாலை வெட்டியவர் மெட்ராஸ் பொறியாளர் படையைச் சேர்ந்த கேப்டன் சார்லஸ் எட்வர்ட் ஃபேபர். அதுவரை அதன் பெயர் தெலுக் பிளாங்கா குன்று. ஒவ்வொரு முறை ஏறும்போதும் எனக்கு இது நினைவுக்கு வரும்.

ஏற்காட்டின் ஆயிரம் மீட்டரை ஃபேபரில் சேர்க்க 13 தடவை ஏற வேண்டும். நான் செய்திருக்கிறேன், உங்களுக்குச் சொல்ல மாட்டேன். காரணம் சலிப்பு இல்லை. ஒவ்வொரு தடவையும் ஐந்து நிமிடம் ஏறி மூன்று நிமிடம் இறங்கும்போது கால் ஓய்வெடுத்துவிடுகிறது. மொத்த உயரம் சேர்ந்தாலும் மலை கேட்கும் விடாப்பிடி வராது. குன்றுகளை வேறொன்றுக்குப் பயன்படுத்துங்கள்: எந்தக் கியரில் எத்தனை சுற்று மிதிப்பது, எப்போது உட்கார்வது, எப்போது நிற்பது, மூச்சு எங்கே எகிறுகிறது என்று கற்றுக்கொள்ள ஐந்து, ஆறு ஏற்றம் போதும். முதல் ஏற்றமும் கடைசி ஏற்றமும் ஒரே நேரத்தில் முடிகிறதா என்று கடிகாரத்தில் பாருங்கள். கடைசி ஏற்றம் ஒரு நிமிடம் கூடுதலாக எடுத்தால், முதலிலேயே வேகமாகப் போய்விட்டீர்கள் என்று அர்த்தம். ஏற்காட்டில் மூன்றாவது வளைவுக்குள் தெம்பைச் செலவழித்துவிட்டு, பத்தாவது வளைவில் உட்கார்ந்துவிடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

விடாப்பிடிக்குக் கடலோரம் இருக்கிறது. தீவின் கிழக்கே தானா மேரா கோஸ்ட் சாலையில் தொடங்கி சாங்கி வில்லேஜ் வரை போகும் பாதையில் சிக்னல்கள் மிகக் குறைவு, ஒரு பக்கம் விமான ஓடுபாதை. பார்ப்பதற்குச் சமதளம். ஆனால் வடகிழக்குப் பருவக்காற்று டிசம்பரில் தொடங்கி மார்ச் வரை வீசும், நீங்கள் சாங்கி வில்லேஜ் நோக்கிப் போகும்போது அது முகத்தில் அடிக்கும். மணிக்கு 15 கி.மீ. எதிர்க்காற்றில் 20 கி.மீ. வேகத்தில் ஓட்டினால் கிட்டத்தட்ட 130 வாட் செலவாகும். மேலே சொன்ன ஏற்காட்டு எண்ணேதான். காற்றும் மலையைப் போலத்தான், மிதியை விட்டால் சைக்கிளைப் பிடித்து இழுக்கும். பொங்கலுக்குப் போகிறவருக்கு டிசம்பர் காற்று சரியான நேரத்தில் வருகிறது. ஒருவர் பின்னால் ஒளிந்துகொண்டு ஓட்டாமல், தனியாகக் காற்றில் முகம் கொடுத்து, திரும்பும்போது காற்று தள்ளினாலும் மிதிப்பதை விடாமல் ஒன்றரை மணி நேரம் போய்வாருங்கள். காற்றில் பழகியது அப்படியே மலைக்கு மாறுமா என்றால், முழுதாக மாறாது. சமதளத்தில் சைக்கிளுக்கு உருளும் வேகம் இருக்கிறது, மிதியின் மேல்புள்ளியில் கால் தளர்ந்தாலும் அது ஓடிவிடும். ஏற்றத்தில் அந்த இடத்திலும் கால் தள்ள வேண்டும். உட்காரும் நிலையும் வேறு. என் அனுபவத்தில் முக்கால் பங்கு மாறுகிறது. அந்த முக்கால் என் உடம்பின் கணக்குதான்.

கிழக்குக் கடற்கரைப் பூங்காவுக்குள் இந்தப் பயிற்சி வேண்டாம். சைக்கிள் பாதைகளில் வேக வரம்பு 25 கி.மீ., குழந்தைகளும் வயதானவர்களும் நடமாடும் இடம். சூடேற்றவும், முடித்துவிட்டு மெதுவாக வீடு திரும்பவும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் ஈசூனில் இருப்பதால் உங்களுக்கு வாய்த்த வழி மேற்கே இருக்கிறது. என் மனதுக்கு மிகப் பிடித்ததும் அதுதான். மண்டாய் சாலையில் போய், கிராஞ்சி அணைக்கட்டின் மேல் கடந்து, நியோ தியூ சாலைக்குள் நுழைந்து, லிம் சூ காங் சாலையின் கடைசியில் படகுத்துறை வரை. மண்டாயில் நீண்ட, லேசான ஏற்ற இறக்கம். அணைக்கட்டில் ஒரு பக்கம் நீர்த்தேக்கம், மறுபக்கம் ஜொகூர் நீரிணை, எதிரே ஜொகூர் கட்டடங்கள். நியோ தியூவில் பண்ணைகளுக்கு நடுவே சின்னச் சின்ன மேடுகள். அங்கே நான் புதியவர்களுக்குச் சொல்வது ஒன்றுதான்: மேட்டில் ஏறும்போது வேகத்தைக் கூட்டாதீர்கள், இறங்கும்போது மிதிப்பதை நிறுத்தாதீர்கள். ஒரே சக்தியில் ஒரு மணி நேரம் போவது இந்தச் சாலையில்தான் எளிதில் பழகும். மழை நின்ற காலையில் அங்கே வரும் மண்வாசனை இந்தத் தீவில் வேறெங்கும் எனக்குக் கிடைத்ததில்லை. லிம் சூ காங் சாலையின் நேரான பகுதியை விமானப்படை ஓடுபாதையாக மாற்றிப் பயிற்சி செய்ததும் உண்டு. அந்த அளவுக்கு அகலமும் நேரும் இருப்பதால் லாரிகளும் வேகமாகத்தான் வரும். அந்தப் பக்கம் ராணுவ முகாமும் இருக்கிறது. வார நாட்களில் தவிர்த்துவிடுங்கள். ஞாயிறு காலை ஒன்பது மணிக்குள் முடித்துவிட்டால் நிம்மதி.

தெற்கே போக விரும்பினால் ஓல்டு அப்பர் தாம்சன் சாலை இருக்கிறது. 1961 முதல் 1973 வரை கார்ப் பந்தயம் நடந்த சுற்றின் ஒரு பகுதி. இப்போது ஒருவழி, இருபுறமும் மரங்கள், நல்ல வளைவுகள். குரங்குகள் திடீரென்று குறுக்கே வரும், வளைவில் வேகம் வேண்டாம். புக்கிட் தீமாவை ஒட்டிய ரைஃபிள் ரேஞ்ச் சாலையும் மேடுபள்ளமானது, போன வழியிலேயே திரும்ப வேண்டும், அங்கேயும் குரங்குகள்.

புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பு ஒரு நாள் முழுவதையும் ஒதுக்க முடிந்தால் கடல் தாண்டி, மலேசியாவின் ஜொகூரில் இருக்கும் பெங்கெராங் போய்வாருங்கள். சாங்கி பாயிண்ட் படகுத்துறையிலிருந்து பன்னிரண்டு பேர் சேர்ந்ததும் கிளம்பும் சின்னப் படகில் சைக்கிளையும் ஏற்றிக்கொள்வார்கள், அதற்குத் தனிக் கட்டணம். கடப்பிதழ் மறக்காதீர்கள். அந்தப் பக்கம் சுங்கை ரெங்கிட் வழியாக தெசாரு வரை போனால் செம்பனைத் தோட்டங்களும் நீளமான ஏற்ற இறக்கங்களும் இடையிடையே கடலும். நீங்கள் கேட்ட மேடும் கடலோரமும் ஒரே வழியில் வருவது அங்கேதான். எண்ணெய் ஆலை வளாகம் வந்தபின் கனரக வண்டிகள் கூடிவிட்டன, அதனால் வார இறுதியில், இரண்டு மூன்று பேராகப் போங்கள்.

சாலை விதிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஆனால் இதில் எனக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை. சாலையில் தலைக்கவசம் 2019 பிப்ரவரியிலிருந்து கட்டாயம். 2022 ஜனவரி 1 முதல் ஒரு குழு ஐந்து சைக்கிள் நீளத்தைத் தாண்டக் கூடாது: ஒற்றை வரிசையில் ஐந்து பேர், இரட்டை வரிசையில் பத்துப் பேர். ஒரு தடம் மட்டுமே உள்ள சாலையிலும், நேரம் நடப்பில் இருக்கும் பேருந்துத் தடத்திலும் இரட்டையாகப் போகக் கூடாது. இந்த விதிகளை மீறினால் 150 வெள்ளி அபராதம். குழுவுக்கும் குழுவுக்கும் இரண்டு விளக்குக் கம்ப இடைவெளி விடச் சொல்கிறார்கள், அது பரிந்துரை. விரைவுச்சாலைகளிலும் சுரங்கச் சாலைகளிலும் சைக்கிளுக்கு அனுமதியே இல்லை. இங்கே சூரியன் உதிப்பது வருடம் முழுக்க ஏழு மணியை ஒட்டித்தான், ஐந்தரைக்குக் கிளம்பினால் ஒன்றரை மணி நேரம் இருட்டில்தான் ஓட்டுவீர்கள். முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு. பின்விளக்கு இரண்டு வைத்துக்கொள்ளுங்கள், ஒன்று வழியில் அணைந்துபோகும்.

உங்கள் பயிற்சி மாதங்கள் நவம்பரும் டிசம்பரும். நல்ல மழைக்காலம். ஈரச் சாலையில் வெள்ளைக் கோடு, சாக்கடை மூடி, கட்டுமானத்துக்குப் போட்ட இரும்புத் தகடு மூன்றும் சோப்பு தடவியது போல் இருக்கும். அப்படி ஒரு தகட்டின் மேல் திரும்பும்போது விழுந்து எனக்குக் காறையெலும்பு உடைந்தது, நான்கு மாதம் சைக்கிளைத் தொடவில்லை. அவற்றை நேராகக் கடக்க வேண்டும், அவற்றின் மேல் திரும்பவோ பிரேக் பிடிக்கவோ கூடாது. இடி கேட்டால் அன்றைய பயிற்சி முடிந்தது. கிராஞ்சியிலும் சாங்கியிலும் திறந்த வெளியில் உயரமாக நிற்பது நாம்தான். அன்றைக்கு வீட்டுக்குள் டிரெய்னரில் (சைக்கிளை நிறுத்திவைத்தே மிதிக்க உதவும் கருவி) ஒரு மணி நேரம் ஒரே கியரில் மிதியுங்கள். உண்மையைச் சொன்னால், விடாப்பிடியைப் பழக இங்கே கிடைப்பதில் சாங்கிக் காற்றுக்கு அடுத்தபடி அதுதான் சிறந்தது. முன்சக்கரத்தை உயர்த்தி வைத்தால் மலை ஏறுவது போலவே ஆகும் என்பார்கள். முதுகும் இடுப்பும் அந்த நிலைக்குப் பழகும் என்பது வரை ஒப்புக்கொள்கிறேன். கால் பலம் அதனால் கூடும் என்று எனக்குப் படவில்லை.

ஒன்றை மட்டும் சிங்கப்பூர் உங்களுக்குக் கற்றுத்தராது. இறக்கம். ஃபேபரில் இறங்க மூன்று நிமிடம். ஏற்காட்டிலிருந்து இறங்க முக்கால் மணி நேரம், இருபது கொண்டை ஊசி வளைவு, எதிரே பேருந்து. ஏறிவிடலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள், இறங்குவதைப் பற்றி யாரும் கேட்பதில்லை. எனக்குக் கவலை அதில்தான். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள், வளைவுக்குள் பிரேக்கை இறுக்க வேண்டாம். கண் முன்சக்கரத்தைப் பார்க்கக் கூடாது, வளைவு முடியும் இடத்தைப் பார்க்க வேண்டும். பிரேக்கைத் தொடர்ந்து தேய்த்துக்கொண்டே வராமல், இரண்டு மூன்று நொடி அழுத்திப் பிடித்து விட்டுவிடுங்கள். சக்கர விளிம்பைப் பிடிக்கும் ரிம் பிரேக்கும் கார்பன் ரிம்மும் உள்ள சக்கரமாக இருந்தால் அதை இங்கேயே விட்டுவிட்டு அலுமினியச் சக்கரத்தைக் கொண்டுபோங்கள். நீண்ட இறக்கத்தில் சூடு தாங்காமல் கார்பன் கெட்டுப்போகும், டியூபும் வெடிக்கலாம். மலைச் சாலையில் ஏறி வரும் வண்டிக்குத்தான் முதல் உரிமை, அது இந்தியச் சாலை விதி. கொண்டை ஊசியில் திரும்பும் பேருந்து சாலை முழுவதையும் எடுத்துக்கொள்ளும், அது கடக்கும்வரை வளைவுக்கு வெளியே ஒதுங்கி நின்றுவிடுங்கள். ஜனவரி காலையில் மேலே நல்ல குளிர் இருக்கும். ஏறும்போது தெரியாது. வியர்வையோடு இறங்கும்போது விரல் மரத்து பிரேக்கைப் பிடிக்க வராது. சிங்கப்பூரில் ஓட்டுகிற நம்மிடம் காற்றுத் தடுக்கும் மெல்லிய மேல்சட்டை அநேகமாக இருக்காது. ஒன்று வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள், முழுவிரல் கையுறையும்.

வெயிலைப் பற்றி நீங்கள் பயப்பட வேண்டியதில்லை. 10 கி.மீ. வேகத்தில் ஏறும்போது உடம்பைக் குளிர்விக்கக் காற்றே இருக்காது, சமதளத்தில் பழகியவர்கள் அங்கேதான் தடுமாறுவார்கள். இந்த ஊர்ப் புழுக்கத்தில் ஒரு வருடம் வியர்த்த உடம்புக்கு அது பழகியதுதான். மணிக்கு அரை லிட்டருக்குக் குறையாமல் குடியுங்கள், உப்பும் ஏதாவது சேரட்டும். உயரத்தால் மூச்சு வாங்குமோ என்ற பயமும் ஏற்காட்டில் வேண்டாம். 2240 மீட்டர் உள்ள ஊட்டியில் அது கொஞ்சம் தெரியும்.

கடைசியாகக் கியர். முதன்முறை ஏற்காடு ஏறியபோது என் சைக்கிளில் முன்னால் 39 பல், பின்னால் பெரியது 25 பல். 10 கி.மீ. வேகத்தில் அது நிமிடத்துக்கு 51 சுற்றுதான். ஒவ்வொரு மிதியும் மாடிப்படி ஏறுவது போல. மேலே போய்ச் சேர்ந்துவிட்டேன், மூட்டுவலி மூன்று வாரம் போகவில்லை. அடுத்த முறை முன்னால் 34, பின்னால் 32 போட்டேன். அதே வேகத்துக்கு 75 சுற்று வந்தது, இறங்கிய மறுநாள் சாதாரணமாக நடந்தேன். ஏற்கனவே உங்களுக்கு மூட்டில் வலி இருந்தால் என் பேச்சைக் கேட்காமல் மருத்துவரைப் பாருங்கள். மற்றபடி, உங்கள் கிராங்கில் சின்ன வளையத்தில் எத்தனை பல், பின்னால் பெரிய பல்சக்கரத்தில் எத்தனை பல், சங்கிலியைப் பல்சக்கரம் மாற்றும் பின் டிரெய்லியர் எந்த மாடல் என்று பார்த்து எழுதுங்கள். கேசட் (பின்னால் இருக்கும் பல்சக்கரக் கொத்து) மட்டும் மாற்றினால் போதுமா, நீளமான கை உள்ள டிரெய்லியரும் வேண்டுமா என்பதை அதை வைத்துத்தான் சொல்ல முடியும்.